காற்றுப் போடுகிறவள்

அக்டோபர் 2

இந்த டைரியை என் மருமகள் எமிமா கொடுத்தாள். வருடத் தொடக்கத்தில் அவள் ஆபீசில் கொடுத்ததாம். இத்தனை மாதமும் பீரோவுக்கு மேல் தூசி படிந்து கிடந்திருக்கிறது. நேற்றுச் சாப்பிடும்போது, ஊரில் ரோஸ்மேரி என் தூக்குவாளியை வாங்கிப் போய்த் திருப்பித் தராததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடந்து முப்பது வருடம் இருக்கும். வாளியின் மூடியில் என் பேர் வெட்டியிருந்தது. எமிமா சிரித்துக்கொண்டே, "அத்தை, உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கே. சொன்னதையே எங்ககிட்டச் சொல்லாம இதுல எழுதி வையுங்க" என்றாள். என் மகன் ஜெயசிங் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தான்.

இரண்டு பேரும் சிரித்ததை முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன்.

அக்டோபர் 3

மழை. துணியெல்லாம் நாற்காலி முதுகில் தொங்குகிறது. இந்தக் கோயம்புத்தூர் வீட்டுக்குக் குடி வந்த அன்றே கொடி கட்ட ஆணி அடிக்கச் சொன்னேன். ஜெயசிங் அடிக்கிறேன் என்றான். அடித்தபாடில்லை.

அக்டோபர் 5

பாளையங்கோட்டையிலிருந்து பியூலா பேசினாள். என் அக்காள் சொர்ணபாயின் மகள். அக்காள் குளியலறை வாசலில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாளாம். வாதம் இடது பக்கம் முழுதும் இழுத்துவிட்டது. பேச்சு முதலில் குழறியது, பிறகு நின்றேவிட்டது. மூக்கு வழியாகக் குழாய் விட்டு அதில்தான் கஞ்சி ஊற்றுகிறார்கள்.

விழுந்து நாலு நாள் ஆகிறது. ஜெயசிங்குக்கு அன்றைக்கே சொல்லியிருக்கிறாள். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்களுக்கும் பெரியம்மாவுக்கும்தான் பேச்சுவார்த்தை இல்லையேம்மா" என்றான்.

இல்லை என்று யார் சொன்னது? பியூலாவின் மகள் கல்யாணத்தில் பேசினோம். சாப்பிட்டியா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

இடது கை எப்படியும் அவளுக்கு உதவியது கிடையாது. நாலு வயதில் முருங்கை மரத்தில் ஏறிக் கிளையோடு விழுந்து முழங்கை முட்டு உடைந்தது. கட்டுப் போட்டவர் நீட்டி வைத்துக் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு அது மடங்கவே இல்லை.

பாளையங்கோட்டைக்கு வரச் சொல்லிப் பியூலா கேட்டாள். இடுப்பு வலி, ரயிலில் உட்கார முடியாது என்று சொல்லிவிட்டேன். இடுப்பு வலிக்கத்தான் செய்கிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

சபையில் அக்காளுக்காக ஜெபித்தார்கள். எமிமா சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன், வாய்க்குள்.

எழுதி வை என்றாள் அல்லவா, எழுதுகிறேன்.

எங்கள் அப்பா உபதேசியார். சாயங்காலமானால் பக்கத்து ஊர்களுக்குப் போய்த் தெருமுனையில் நின்று பிரசங்கம் பண்ணுவார். பிரசங்கத்துக்கென்று யார் வருவார்கள்? பாட்டுக்குத்தான் கூட்டம் சேரும். அதற்காகவே ஒரு ஆர்மோனியப் பெட்டி வாங்கினார். அக்காளுக்குப் பதினொரு வயதிலேயே பாட்டு விரலில் ஏறிவிட்டது. ஆனால் ஆர்மோனியம் ஒரு கையால் ஆகிற காரியம் இல்லை. வலது கை கட்டைகளை அமுக்கும்போது இடது கை பின்னால் இருக்கிற துருத்தியை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காற்று போனால்தான் சத்தம் வரும். அவள் இடது கைதான் மடங்காதே. ஆகவே எட்டு வயதில் என்னைத் தூக்கிப் பெட்டிக்கு எதிர்ப்பக்கம் உட்கார வைத்தார்கள். அவள் அந்தப் பக்கம் இருந்து வாசிப்பாள். நான் இந்தப் பக்கம் இருந்து காற்றுப் போடுவேன்.

காற்றுப் போடுவது சும்மா ஆட்டுவது இல்லை. பாட்டு ஏறும்போது நிறைக்க வேண்டும், வார்த்தை முடியும்போது தளர்த்த வேண்டும். அதிகமானால் பெட்டி கத்தும். குறைந்தால் இருமும். குறைந்த உடனே அக்காள் முகத்தைச் சுளிப்பாள். பல்லி எச்சம் மேலே விழுந்த மாதிரி ஒரு சுளிப்பு. அந்த முகத்தை வைத்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

எனக்குப் பதின்மூன்று வயதில் ஒரு கன்வென்ஷன். பெரிய பந்தல். அக்காளுக்குப் புது ஊதாப் பாவாடை. எனக்கு அவளுடைய பழைய பச்சைப் பாவாடை, ஓரம் பிரித்து இறக்கியது, பிரித்த தடம் வெளியே தெரியும். அப்பா கட்டிய பாட்டை வாசித்தோம். பெண்கள் பக்கத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். முடிந்ததும் பெரிய போதகர் இறங்கி வந்து அக்காள் கையில் தங்க விளிம்பு போட்ட பைபிள் ஒன்றைக் கொடுத்தார். பிறகு குனிந்து என்னைப் பார்த்து, இந்தக் குட்டி யார் என்று கேட்டார்.

அக்காள் சொன்னாள்: "என் தங்கச்சி ஐயா. அவ சும்மா காத்துப் போடுதவ."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

அன்றைக்கு எடுத்த கையை நான் மறுபடி துருத்தியில் வைக்கவில்லை. அப்பா பிரம்பை எடுத்துப் பார்த்தார், அம்மா கெஞ்சிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஒன்றுக்கும் நிறைக்கத் தெரியவில்லை. அக்காள் பாதிப் பாட்டில் பெட்டியை மூடிவிட்டு எழுந்து போவாள். எனக்கு அதைப் பார்க்க நன்றாக இருந்தது. பத்தொன்பது வயதில் அவளைக் கட்டிக் கொடுத்தபோது பெட்டியையும் வண்டியில் ஏற்றினார்கள். போன இடத்தில் ஆள் வைத்துக் காற்றுப் போட்டு வாசித்துக் கிழித்திருப்பாள்.

அக்டோபர் 7

எமிமா வாங்கி வந்த கருப்பட்டியில் பாதி சீனி. வாயில் போட்ட உடனே தெரிந்துவிட்டது. கடைக்காரனைக் கேள் என்றேன். விடுங்க அத்தை என்கிறாள். இந்த வீட்டில் எல்லாருக்கும் எதையும் விட முடிகிறது.

அக்டோபர் 9

பியூலா ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று எடுத்தது. அக்காளின் பல் செட்டைக் கழற்றியிருக்கிறார்கள், கன்னம் குழிந்து கிடக்கிறது. முகத்தை நான் ரொம்ப நேரம் பார்க்கவில்லை.

வலது கை போர்வை மேல் அசைகிறது. விரல்கள் ஒன்று மாற்றி ஒன்று துணியை அமுக்குகின்றன. நிற்கின்றன. மறுபடி முதலிலிருந்து அமுக்குகின்றன.

கொஞ்ச நேரத்தில் பியூலாவே பேசினாள். "சித்தி, நாலஞ்சு நாளா ராவும் பகலும் இதே ஆட்டம்தான். டாக்டர் இது ஒரு மாதிரி வலிப்பா இருக்கும்ங்கிறாரு. நம்ம குடும்பத்துல யாருக்கும் இப்படி உண்டா? ஆச்சிக்கு இருந்துச்சா?"

மருந்தைக் கூட்டினால் கை அடங்கிவிடுமாம். ஆனால் ஆளும் அரை மயக்கத்திலேயே கிடப்பாளாம். இப்போதாவது கண் திறந்து பார்க்கிறாள், அதுவும் போய்விடும். சரி சொல்லட்டுமா வேண்டாமா என்று பியூலாவுக்குக் குழப்பம்.

எங்கள் அம்மாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று சொன்னேன். வேறு எனக்கென்ன தெரியும் என்றும் சொன்னேன்.

அது வலிப்பு இல்லை. மூன்றாவது விரல் விழுந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பியூலா நின்று எடுத்த பக்கம், நான் உட்கார்ந்திருந்த பக்கம்.

என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

அக்டோபர் 10

சும்மாதான் கேட்டேன். கம்ப்யூட்டரில் என்னென்னவோ வருகிறதே, ஆர்மோனியம் வருமா என்று. எமிமாவுக்கு மீட்டிங். பத்து நிமிஷம் பொறுக்கச் சொன்னாள். முடித்துவிட்டு வந்து எதையோ தட்டினாள். திரையில் ஒரு ஆர்மோனியப் பெட்டி வந்து நின்றது. மர நிறம், பித்தளைக் குமிழ்கூட வரைந்திருக்கிறார்கள். அவள் மேஜையில் தனியாக வைத்துத் தட்டுகிற விசைப்பலகைதான் அதற்குக் கட்டை. நடுவரிசை எழுத்துகள் வெள்ளைக் கட்டை, அதற்கு மேல்வரிசை கறுப்புக் கட்டை. ஒரு எழுத்தை அமுக்கினாள். உள்ளே இருந்து அதே மூக்கடைத்த குரல் வந்தது.

காற்று யார் போடுகிறார்கள் என்று கேட்டேன்.

"இதுக்குக் காத்தே வேண்டாம் அத்தை. அமுக்கினா போதும். விரலை எடுக்கிற வரைக்கும் சத்தம் நிக்காது."

காற்றுப் போட ஆள் வேண்டாத பெட்டி. எங்கள் காலத்திலேயே இதைச் செய்திருந்தால் நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கவே வேண்டாம்.

அவள் டீ போடப் போனதும் அமுக்கிப் பார்த்தேன். அக்காளின் விரல் எங்கே போகும், எதற்குப் பிறகு எது என்று என் கண்ணில் அப்படியே நிற்கிறது. அந்தப்படி அமுக்கினேன். வந்தது பாட்டே இல்லை. ஏற வேண்டிய இடத்தில் இறங்கியது, இறங்க வேண்டிய இடத்தில் ஏறியது. மறுபடி அமுக்கினேன். மறுபடி அப்படியே.

எமிமா எட்டிப் பார்த்து, நல்லா வாசிக்கிறீங்களே அத்தை என்றாள். கேலி.

அக்டோபர் 11

மறுபடி பார்த்தேன். தலைகீழாகவே வருகிறது. எனக்கு ஞாபகம் தப்பாது. பெட்டிதான் கோளாறு.

அக்டோபர் 12

பெட்டி கோளாறு இல்லை.

இன்றைக்குச் சனிக்கிழமை, ஆனாலும் எமிமாவுக்கு வேலை. காபி கொண்டுபோய் அவளுக்கு எதிரே மேஜையின் மறுபக்கம் வைத்தேன். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் நின்று பார்த்தேன். அவளுக்கு வலது பக்கம் இருக்கிற கட்டை எனக்கு இடது பக்கம் இருந்தது.

அக்காளின் விரலை நான் அவள் பக்கம் இருந்து பார்த்ததே இல்லை. ஒரு நாள்கூட. எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரைக்கும் எதிரே இருந்துதான் பார்த்தேன். எனக்கு எல்லாப் பாட்டும் மறுபக்கத்தில்தான் தெரியும்.

எமிமா எழுந்து போகும்வரை பொறுத்திருந்தேன். பலகையை அப்படியே திருப்பி வைத்தேன், எழுத்தெல்லாம் தலைகீழாக. கறுப்புக் கட்டை வரிசை என் பக்கம் வந்தது. துருத்திப் பக்கம் இருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். இடது கையை வைத்தேன். எதிரே பார்க்கும்போது அவளுடைய வலது கை என் இடது கைக்கு நேரே வரும்.

முதல் வரி வந்துவிட்டது.

அக்டோபர் 13, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. இடுப்பு வலி என்று சொன்னேன்.

அவர்கள் போன பிறகு பலகையைத் திருப்பி வைத்து வாசித்தேன். அது அப்பா கட்டிய பாட்டு. 'அந்தி இருட்டுமுன்னே ஆள் அனுப்பும் ஐயாவே' என்று தொடங்கும். புத்தகம் எதிலும் கிடையாது. எங்கள் வீட்டில் நாலு பேருக்குத்தான் தெரியும், அதில் இரண்டு பேர் இல்லை.

இடது கை வாசித்தது. வலது கை சும்மா இருக்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் போய் வந்தது. நான் ஒன்றும் செய்யச் சொல்லவில்லை.

பிறகு பியூலா அனுப்பிய வீடியோவைப் போனில் ஓடவிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அக்காளின் விரல் அமுக்குகிற இடத்தில் நானும் அமுக்கினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. போர்வை மேல் அவள் வாசிப்பது அதேதான்.

ஆனால் ஓரிடத்தில் நிற்கிறாள். 'ஆள் அனுப்பும்' என்று நீட்டுகிற இடம். நீளமான இழுப்பு அது. அங்கே வரும்போது துருத்தியில் காற்று தீர்ந்துபோகும், சின்னப் பிள்ளையான என் கையும் ஓய்ந்துபோகும். நான் மறுபடி நிறைக்கும்வரை அவள் விரலைக் கட்டையை விட்டு எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருப்பாள். நிறைந்ததும் அடுத்த வரிக்குப் போவாள். கூட்டத்துக்கு அது தெரியாது. வேண்டுமென்றே நிறுத்துகிறாள் என்று நினைப்பார்கள்.

போர்வை மேலும் அங்கேதான் விரல் நிற்கிறது. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கிறது. பிறகு முதலிலிருந்து தொடங்குகிறாள்.

கிழவி இன்னும் அந்த இடத்தைத் தாண்டவில்லை.

அக்டோபர் 15

பியூலா பேசினாள். அக்காள் மூக்குக் குழாயைப் பிடுங்கிவிட்டாளாம். அதனால் வலது கையைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டிவிட்டார்கள். நாளை மறுநாள் மருந்தைக் கூட்டப்போகிறார்கள். பியூலாவும் சரி சொல்லிவிட்டாள். வேறு என்ன செய்ய என்று அழுதாள்.

நான் கேட்டேன், உன் அம்மை அங்கே கோயிலில் பெட்டி வாசிப்பாளே, இப்போது யார் வாசிக்கிறார்கள் என்று.

"அம்மா பெட்டி வாசிப்பாளா சித்தி?" என்றாள். "எங்க வீட்டுல ஒரு பழைய பெட்டி மச்சுல கெடக்கு. தாத்தா பெட்டின்னு தொடவிட மாட்டா. அம்மா வாசிச்சு நான் பாத்ததே இல்லியே."

ஒரு தடவைகூடவா என்று கேட்டேன்.

ஒரு தடவைகூட இல்லையாம். கல்யாணமான புதிதில் மாமனார் வாசிக்கச் சொல்லியிருக்கிறார், காற்றுப் போட ஆளும் உட்கார வைத்திருக்கிறார். ஆள் சரியில்லை என்று சொல்லிவிட்டாளாம். இதுவும் பியூலா அவள் அத்தை சொல்லிக் கேட்டதுதான்.

இத்தனை வருடத்தில் ஒரு நல்ல ஆள் கிடைக்காமலா போனது? பாளையங்கோட்டை என்ன சின்ன ஊரா?

அரிசியில் கல் இருந்தது. இரண்டு முறை பொறுக்கினேன்.

அக்டோபர் 16

கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

அக்டோபர் 17

காலையில் பல் துலக்குமுன்னே நானே பியூலாவைக் கூப்பிட்டேன். போனை அமுக்கத் தெரியாமல் முதலில் ஜெயசிங்கின் முடிவெட்டுகிறவனுக்குப் போய்விட்டது.

"ஏளா, மருந்து கூட்டச் சொல்லாத" என்றேன். "அது வலிப்பு இல்ல. அவ பெட்டி வாசிக்கா."

அவளுக்குப் புரியவில்லை. சொன்னேன். எந்தப் பாட்டு, எந்த விரல், எங்கே நிற்கிறாள், எல்லாம். பியூலா டாக்டரிடம் பேசிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். போனில் ஒருவர் சொன்னதை வைத்துக் கையை அவிழ்க்க முடியாது என்றாராம். நேரில் வந்து காட்டினால் பார்க்கலாம் என்றாராம். அதுவரை இரண்டு மூன்று நாள் மருந்தைத் தள்ளி வைத்திருக்கிறார். அதற்கு மேல் முடியாது, குழாய் போனால் கஞ்சி போகாது.

அடுப்பங்கரையில் போய் எமிமாவிடம் பாளையங்கோட்டைக்கு டிக்கெட் போடு என்றேன். இடுப்பு வலி என்னாச்சு என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, "நானும் வர்றேன் அத்தை. கம்ப்யூட்டரை உங்களுக்கு யாரு போட்டுத் தர்றது?" என்றாள். லீவும் போட்டுவிட்டாள்.

இதையும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 19

காலையில் வந்து சேர்ந்தோம். அக்காள் வீட்டுக்கு நான் வருவது இரண்டாவது தடவை. சுவரில் அப்பா, அம்மா படம். அதற்குக் கீழே கண்ணாடி அலமாரியில் அந்தத் தங்க விளிம்பு பைபிள். தொடவில்லை.

பியூலாவின் மாப்பிள்ளை மச்சில் ஏறிப் பெட்டியை இறக்கினார். அதைச் சுற்றியிருந்த துணியை விரித்துப் பார்த்தேன். பச்சைப் பாவாடை. ஓரம் பிரித்த தடம் அப்படியே இருக்கிறது. என்னிடமிருந்து அது எப்போது போனது என்று எனக்கே தெரியாது. எனக்குத் தெரியாதது என்று ஒன்று இருக்கிறதே.

துருத்தித் தோலை எலி தின்றுவிட்டது. ஆட்டினேன். ஓட்டை வழியாகக் காற்று என் முகத்தில்தான் அடித்தது. கட்டை ஒன்றும் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் இன்றைக்கு விடவில்லை. நாளைக்குப் பதினொரு மணிக்கு வரச் சொன்னார்கள்.

அக்டோபர் 20, ஞாயிறு

போனோம்.

பார்த்ததும் என்னைத் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. கண் திறந்திருந்தது, அவ்வளவுதான். பியூலா குனிந்து, "யம்மா, ஞானம் சித்தி வந்திருக்கா" என்றாள். கண் அசையவில்லை. நான் சாப்பிட்டியா என்று கேட்டேன். மூக்கில் குழாய் இருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது. வாயில் வந்துவிட்டது.

சின்ன வயது டாக்டர். நர்ஸ் பக்கத்தில் நின்றுகொள்ள வேண்டும், குழாய்ப் பக்கம் கை போனால் உடனே கட்டிவிட வேண்டும் என்று சொல்லி அவிழ்க்கச் சொன்னார். மணிக்கட்டில் துணி பதிந்த தடம் சிவந்திருந்தது. கை முதலில் கிடந்த இடத்திலேயே கிடந்தது. பிறகு போர்வை மேல் விரல் எழுந்தது.

எமிமா கம்ப்யூட்டரை மருந்து மேஜையில் வைத்து ஆர்மோனியத்தை வரவழைத்தாள். தட்டுகிற பலகையை ஒரு தலையணை மேல் வைத்து அக்காளின் கைக்கு அடியில் தள்ளினோம். தலைகீழாக இல்லை. நேராக. ஷட்ஜம் இருக்கிற எழுத்தில் நர்ஸிடம் ஒரு துண்டு பிளாஸ்திரி வாங்கி ஒட்டினேன், விரலுக்குத் தடம் தெரிய. அவள் கட்டை விரலைப் பிடித்து அதில் வைத்தேன். அவளைத் தொட்டு எவ்வளவோ நாளாகிறது.

சத்தம் வந்ததும் விரலை இழுத்துக்கொண்டாள். சுற்றிப் பார்த்தாள். பிறகு வைத்தாள்.

இந்தக் கட்டைகள் சின்னவை. இரண்டு விரல் ஒன்றில் விழுந்தது, ஒரு விரல் இரண்டில் விழுந்தது. மூன்று நாலு தடவை தடுமாறிவிட்டுப் பிடித்துக்கொண்டாள். 'அந்தி இருட்டுமுன்னே' வந்தது. பியூலா சேலையை வாயில் வைத்துக்கொண்டாள். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

'ஆள் அனுப்பும்.'

விரல் நின்றது. அழுத்தியபடியே நின்றது. இந்தப் பெட்டியில் காற்று தீராது, அதனால் சத்தம் குறையவும் இல்லை, ஏறவும் இல்லை. சங்கு ஊதுகிற மாதிரி ஒரே நீட்டாக நீண்டுகொண்டே போனது. அடுத்த கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்காள் விரலை எடுக்கவில்லை. அடுத்த கட்டைக்கும் போகவில்லை. அவள் கண் மட்டும் கால்மாட்டுப் பக்கம் எதையோ தேடியது.

எமிமா என் காதருகே, "சத்தம் நல்லாத்தானே வருது அத்தை, ஏன் நின்னுட்டாங்க? அடுத்த எழுத்தைக் காட்டட்டுமா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். கட்டிலைச் சுற்றிக்கொண்டு கால்மாட்டுக்குப் போனேன். ஸ்டூல் ஒன்றும் இல்லை, கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்தேன், அவளுக்கு நேரெதிரே. வலது கையை நீட்டினேன். பிடிக்க ஒன்றும் இல்லை. இருக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு என் பக்கம் இழுத்தேன், அவள் பக்கம் தள்ளினேன்.

நர்ஸ் கேட்டாள், "என்ன பாட்டி பண்ணுதீங்க?"

"காத்துப் போடுதேன்."

அக்காள் என் கையைப் பார்த்தாள். கையைத்தான் பார்த்தாள், முகத்தை இல்லை. இன்னும் இரண்டு தடவை இழுத்துத் தள்ளினேன். பிறகு அவள் விரல் நகர்ந்தது. 'ஐயாவே' வந்தது. இரண்டாவது வரி வந்தது.

நடுவில் எனக்குக் கை ஓய்ந்தது, வயதாகிறது அல்லவா. ஒரு கணம் தாழ்த்தினேன். கம்ப்யூட்டரில் சத்தம் இம்மிகூடக் குறையவில்லை. ஆனால் அவள் முகத்தைச் சுளித்தாள். பல் இல்லாத அந்த வாயோடு, பாதி முகம் அசையாமல், மீதிப் பாதியில் அந்தச் சுளிப்பு அப்படியே வந்தது. நான் வேகமாக நிறைத்தேன்.

கடைசி வரியின் கடைசி எழுத்தை அழுத்திக்கொண்டே இருந்தாள். நான் மெல்ல மெல்லத் தளர்த்தி, கையை நிறுத்தினேன்.

அவள் விரலை எடுத்தாள்.

டாக்டர் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மருந்தும் கூட்ட வேண்டாமாம். தினமும் கொஞ்ச நேரம் வாசிக்க விடலாமாம், யாராவது ஒருவர் கூடவே உட்கார்ந்திருந்தால்.

அக்டோபர் 21

அக்காள் அன்றைக்குப் பந்தலில் சொன்னதை நான் மறந்துவிடவில்லை. அது இந்த டைரியில் இருக்கிறது.

ஜெயசிங் போனில் எப்போது திரும்பி வருகிறீர்கள் என்று கேட்டான். நீ முதலில் ஆணியை அடி என்றேன். எமிமா கம்ப்யூட்டரை இங்கே விட்டுவிட்டு நாளைக்குப் போகிறாள்.

வலது தோளைத் தூக்க முடியவில்லை. பியூலா தைலம் காய்ச்சுகிறாள். தேய்த்துக்கொண்டு பதினொரு மணிக்குள் போக வேண்டும்.